இரட்டைச் சிறகு விமானத்தின் பொருத்துகள்



ஊவா மலைகளில் ஆடி மாதம் பிறந்துவிட்டால் கச்சான் காற்று வீசத் தொடங்கிவிடும். மேற்கு மலைச் சரிவுகளிலே மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு, ஈரம் வற்றிய காற்றாக அது ஹப்புத்தளை முகட்டைக் கடந்து நம் பக்கம் இறங்கும். ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையிலே பெயர் வாங்கித் தந்த நறுமணம், அந்த வறண்ட வாரங்களில்தான் கொழுந்திலே சேருகின்றது. தோட்டத்துக்கு நன்மை செய்யும் இக்காற்று, மைதானத்திலே மாதிரி விமானம் பறக்கவிடும் மாணவனுக்கு மாத்திரம் ஓயாத தொல்லை தருகின்றது. ஏறும்போது அவ்வளவு தொல்லையில்லை, இறங்கும்போதுதான் கவிழ்த்துவிடுகின்றது.

கவிழ்ந்த விமானத்திலே முதலில் உடைவது எது, அதனை எவ்வாறு செப்பனிடுவது, மறுமுறை உடையாதபடி எவ்வாறு திருத்தி அமைப்பது என்பனபற்றியே இன்று பேச எண்ணுகின்றேன். விமானம் என்றதும் கட்டுநாயக்காவில் இறங்கும் பெரிய விமானங்களை எண்ணிவிடாதீர்கள். நான் சொல்வது ஒரு மாணவன் இரு கைகளாலும் தூக்கிச் செல்லக்கூடிய, வானொலி அலைகளால் இயக்கப்படும் மாதிரி விமானம். இப்பொழுது என் குரலை உங்கள் இல்லத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கின்ற அலைக்கு அது உடன்பிறப்பு. இங்கே அது ஒலியாக மாறுகின்றது. அங்கே சுக்கானைத் திருப்பும் சிறு விசையாக மாறுகின்றது.

அதிலும் நான் எடுத்துக்கொண்டது ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சிறகுகள் உடைய விமானம். கீழ்ச்சிறகு உடலோடு நேரே பொருந்தும். மேற்சிறகு உடலைத் தொடுவதேயில்லை. உடலிலிருந்து எழும் நான்கு குறுங்கால்கள் அதனை நடுவிலே தாங்கும். இரு சிறகுகளின் ஓரங்களையும் வேறு கால்கள் இணைக்கும். முன்னவற்றை நடுக்கால்கள் என்றும் பின்னவற்றை இடைக்கால்கள் என்றும் வைத்துக்கொள்வோம். ஆங்கிலத்திலே இவற்றுக்குத் தனித்தனிப் பெயர்கள் உண்டு. நமக்கு இவை போதும்.

இந்த அமைப்பு எங்கிருந்து வந்தது தெரியுமா? புகையிரதப் பாலத்திலிருந்து வந்தது. அமெரிக்காவிலே ஒக்ராவ் சனூட் என்றொரு பொறியியலாளர் இருந்தார். மிசூரி ஆற்றின்மேல் கன்சாஸ் நகரத்தில் 1869ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பாலத்தைக் கட்டியவர் அவரே. முதுமையிலே பறக்கும் கலையில் ஈடுபாடு கொண்ட அவர், 1896ஆம் ஆண்டில் ஒரு மிதவை விமானத்தைச் செய்வித்தபோது, இரும்புப் பாலங்களில் நெடுங்காலம் கையாண்ட சட்ட அமைப்பையே சிறகுகளுக்கும் பயன்படுத்தினார். நிமிர்ந்து நிற்கும் கால்கள் அமுக்கத்தைத் தாங்கும். மூலைக்கு மூலை செல்லும் கம்பிகள் இழுவையைத் தாங்கும். ரைட் சகோதரர்கள் 1903ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆந் திகதி பறந்த விமானத்தின் இரட்டைச் சிறகிலும் அதே சட்டத்தையே காண்கின்றோம். பண்டாரவளையிலிருந்து பதுளைக்குப் புகையிரதத்தில் வரும்போது எங்கேனும் ஓர் இரும்புப் பாலம் தென்பட்டால், அதிலே முக்கோணங்கள் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளன என்று பாருங்கள். இரட்டைச் சிறகு விமானத்தின் தாத்தாவைப் பார்த்தவர்களாவீர்கள்.

நடுக்கால்கள் எவ்வளவு முக்கியமானவை என்பதற்கு வரலாற்றிலிருந்து ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். டி ஹவிலண்ட் நிறுவனத்தின் டைகர் மொத் என்ற பயிற்சி விமானம் 1931ஆம் ஆண்டு ஒக்டோபர் 26ஆந் திகதி முதன்முதலாகப் பறந்தது. அதற்கு முன்னோடியான ஜிப்சி மொத் விமானத்திலே நடுக்கால்கள் முன் ஆசனத்தைச் சூழ்ந்து நின்றன. ஆபத்து வந்தால் பரசூட்டோடு அந்த ஆசனத்திலிருந்து வெளியே குதிப்பது பெரும் பாடு. ஆகவே மேற்சிறகின் நடுப்பகுதியையும் அதன் கால்களையும் முன்னே தள்ளி வைத்தனர். சிறகு முன்னே போனால் விமானத்தின் சமநிலை கெடுமன்றோ? அதனைச் சரிசெய்யச் சிறகுகளின் நுனிகளைச் சற்றுப் பின்னோக்கிச் சாய்த்தனர். டைகர் மொத்தின் சாய்ந்த சிறகு அழகுக்காக ஏற்பட்டதன்று. ஒரு மனிதன் உயிர் தப்ப வழிவிடுவதற்காகப் பொருத்தை மாற்றியதன் விளைவு.

அதே டைகர் மொத்தின் சிறகுகளை மர உடலோடு பொருத்தி, 1935ஆம் ஆண்டிலே ஆளில்லாமல் வானொலியால் இயக்கும் விமானம் ஒன்றையும் செய்தார்கள். குவீன் பீ, அதாவது இராணித் தேனீ, என்பது அதன் பெயர். பீரங்கிப் படையினர் சுட்டுப் பழகுவதற்குரிய இலக்காக அது பறந்தது. ஏறத்தாழ 400 விமானங்கள் செய்யப்பட்டன. நம் மாணவர்களின் கையிலுள்ள மாதிரி விமானத்துக்கு மூத்த அண்ணன் என்று அதனைச் சொல்லலாம். தம்பியைச் சுடுவார் இல்லை என்பதே வேறுபாடு. இலங்கையின் வானமும் இரட்டைச் சிறகு விமானங்களைக் கண்டதுதான். 1942ஆம் ஆண்டு ஏப்ரில் 5ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பை யப்பானிய விமானங்கள் தாக்கியபோது, சீனன்குடாவிலிருந்து இரத்மலானை நோக்கி வந்துகொண்டிருந்த ஆறு சோட்பிஷ் விமானங்கள் வீழ்த்தப்பட்டன. அவை இரட்டைச் சிறகு விமானங்கள். ஒற்றைச் சிறகின் வேகத்துக்கு முன்னே அவற்றின் காலம் முடிந்துகொண்டிருந்தது.

இனி, நம் மாதிரி விமானத்துக்கு வருவோம். எங்கள் பாடசாலை மாணவர் சிலரிடம் இத்தகைய விமானம் ஒன்று உண்டு. சிறகின் நீளம் 120 சென்ரிமீற்றர். முழு நிறை 2 கிலோகிராம். அதிலே உடலும் மின்கலமும் இயந்திரமும் 1.4 கிலோகிராம், சிறகுகள் ஒவ்வொன்றும் 300 கிராம். பழையதாக வாங்கி, பலர் காசு சேர்த்து மின்கலம் வாங்கிப் பறக்கவிட்டார்கள். பெற்றோரிற் பெரும்பாலோர் தோட்டத் தொழிலாளர். ஆகவே, உடைந்தால் வேறொன்று வாங்கிக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. ஒரு நாள் கச்சான் காற்றிலே அது இறங்கும்போது சக்கரம் புல்லிலே சிக்கி, மூக்குக் குத்தி, முதுகுப்புறமாகக் கவிழ்ந்தது. மேற்சிறகு கால்களோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது.

மாணவர்கள் பசையோடு வந்தார்கள். நான் பசையை வாங்கி வைத்துக்கொண்டு, உடைந்த இடத்தை முதலிலே படம் வரையச் சொன்னேன். எது உடைந்தது, எந்தப் பக்கமாக உடைந்தது என்று அறியாமல் ஒட்டுவது, நோயை அறியாமல் மருந்து கொடுப்பதற்கு ஒப்பாகும். படம் வரைந்த மாணவி ஒருத்தி, "சேர், திருகாணி ஒன்றும் உடையவில்லை, மரந்தான் பிய்ந்துபோயிற்று" என்றாள். முழு விடயமும் அந்த ஒரு வாக்கியத்திலே அடங்கியிருந்தது.

கணக்கைப் பாருங்கள். விமானம் செங்குத்தாகப் பாய்ந்து நிமிரும்போது அதன் மீது வரும் சுமை நான்கு மடங்காகலாம். உடலின் நிறை 1.4 கிலோகிராம், நான்கு மடங்கு 5.6. இரு சிறகுகளும் பாதிப்பாதி தாங்கினால், மேற்சிறகின் பொருத்துக்கு ஏறத்தாழ 2.8 கிலோகிராம் எடை வருகின்றது. அது மேல்நோக்கிய இழுவை. இனி, கவிழும்போது நேர்வதைப் பாருங்கள். செக்கனுக்கு 8 மீற்றர் வேகத்தில் வரும் விமானம் 10 சென்ரிமீற்றர் தூரத்துக்குள் நின்றுவிட்டால், அதன் வேகம் புவியீர்ப்பைப் போல் ஏறத்தாழ 33 மடங்கு வன்மையோடு தடுக்கப்படுகின்றது. 300 கிராம் சிறகு அந்தக் கணத்திலே 10 கிலோகிராம் எடைக்குச் சமமான விசையோடு முன்னே பாய முயல்கின்றது. வானத்திலே மேல்நோக்கி 3 கிலோகிராம். தரையிலே முன்நோக்கி 10 கிலோகிராம். பறப்பதற்கென்று அமைத்த பொருத்து விழும்போது பிய்வதில் வியப்பு என்ன?

இவ்விடத்திலே மாணவர்கள் எல்லாருக்கும் ஒரே எண்ணந்தான் தோன்றும். இன்னும் பெரிய திருகாணி, இன்னும் தடித்த உருக்குக் கம்பி, இன்னும் அதிகமான பசை. மாணவன் ஒருவனின் தந்தை தேயிலைத் தொழிற்சாலையிலே இயந்திரம் திருத்துபவர். அவர் அன்று பாடசாலைக்கு வந்திருந்தார். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "தம்பி, எது உடையவேண்டும் என்று நீ தெரிந்து வை, இல்லாவிட்டால் அது தானாகத் தெரிந்துகொள்ளும்" என்றார். மட்டக்களப்பு வாவியிலே இயந்திரப் படகு ஓட்டுபவர்களும் இதனை அறிவார்கள். படகின் சுழல்விசிறியை அச்சோடு இணைப்பது ஒரு சிறிய ஊசி. விசிறி கல்லிலே மோதினால் ஊசி அறுந்துவிடும். அச்சும் இயந்திரமும் தப்பும். ஊசியின் விலை சொற்பம்.

நம் முன்னோர் கட்டிய கட்டுமரத்தையும் இங்கே நினைக்கலாம். மரங்களை ஆணியறைந்து இணைக்காமல் கயிற்றினால் கட்டினார்கள். அலையிலே ஒவ்வொரு மரமும் சற்றே அசைய இடம் இருந்தது. ஆணியறைந்திருந்தால் முறுக்கலிலே ஆணித்துளை பெருத்து மரம் பிளந்திருக்கும். மாதிரி விமானத்தின் சிறகை இறப்பர் வளையங்களால் பிணைக்கும் பழைய வழக்கமும் இதே அறிவின்பாற்பட்டதுதான். மோதினால் சிறகு வழுக்கி முன்னே போய்விடும், எதுவும் முறியாது. ஆனால் இறப்பர் வெயிலிலே வெடிக்கும் பொருள். மொனராகலையிலே இறப்பர் மரம் வளர்ப்பவர்களுக்கு நான் இதனைச் சொல்லவேண்டியதில்லை. பறந்து முடிந்ததும் வளையங்களைக் கழுவி, உலர்த்தி, முகப்பவுடர் தடவி இருட்டிலே வைக்கவேண்டும். இழுத்துப் பார்க்கும்போது மேற்பரப்பிலே மயிரிழைபோல் வெடிப்புத் தெரிந்தால் எறிந்துவிடவேண்டும்; இரக்கம் காட்டக்கூடாது.

எங்கள் விமானத்திலே கால்களும் திருகாணிகளும் இருந்தமையால் வேறு வழியை மேற்கொண்டோம். செப்பனிட்ட முறையைச் சற்று விரிவாகவே சொல்கின்றேன்.

பிய்ந்த துளையைப் பசையால் நிரப்பி, அதிலே மறுபடியும் திருகாணியைச் செலுத்துவது பெரும்பாலோர் செய்வது. அது இரண்டு வாரம் தாங்கும். உருளைக் குச்சி ஒன்றைத் துளையிலே அடைத்து அதன் நடுவே திருகுவதும் அத்துணைச் சிறந்ததன்று. குச்சியின் நார் திருகாணி செல்லும் திசையிலேயே ஓடுவதால், புரிகள் நாரைப் பிடிப்பதற்குப் பதில் நார்களுக்கிடையே புகுந்து பிளக்கும். விறகு பிளந்தவர்களுக்கு இது விளங்கும். நாங்கள் செய்தது இது: நொருங்கிய மரத்தை நல்ல மரம் தென்படும்வரை கூரிய கத்தியால் வெட்டி நீக்கினோம். உடலின் உட்புறத்திலே, இரு பக்கச் சுவர்களையும் எட்டும்படி, 3 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகையிலே ஒரு தட்டை வைத்து ஒட்டினோம். ஒட்டுப்பலகையிலே நார் குறுக்கும் நெடுக்குமாக ஓடுவதால் எத்திசையிலும் எளிதிற் பிளவாது. அத்தட்டின் அடியிலே, முட்கள் உள்ள நட்டை அழுத்திப் பதித்தோம். அடியிலிருந்து பதிப்பதிலேதான் சூட்சுமம். திருகாணி மேலே இழுக்குந்தோறும் நட்டு மரத்திலே மேலும் இறுகும். மேலிருந்து பதித்தால் ஒவ்வொரு இழுவையும் அதைப் பிடுங்கப் பார்க்கும்.

இரவிலே ஊவாவில் குளிர் மிகுதி. எப்பொக்சிப் பசை குளிரிலே மிக மெல்லத்தான் இறுகும். காலையிலே தொட்டுப் பார்த்து, காய்ந்துவிட்டது என்று ஏமாந்துபோவதுண்டு. அடுப்படியின் இளஞ்சூட்டிலே, நெருப்பு அணுகாத தூரத்தில், ஒரு நாள் முழுவதும் வைப்பது நல்லது. எண்ணெய் இயந்திரம் பூட்டிய பழைய மாதிரிகளிலே இன்னொரு தொல்லை உண்டு. அவற்றின் எரிபொருளிலே ஆமணக்கெண்ணெய் கலந்திருக்கும். எண்ணெய் ஊறிய மரத்தைப் பசை பற்றாது. துடைத்துப் பார்ப்பதிற் பயனில்லை. ஊறிய பகுதியை வெட்டி எடுத்துப் புதுமரம் வைப்பதே வழி.

வளைந்த கால்களை நிமிர்த்த முயலவேண்டாம். உருக்குக் கம்பியை முன்னும் பின்னும் வளைத்தால் வளைந்த இடத்திலே கண்ணுக்குத் தெரியாத வெடிப்புத் தோன்றும். சூடாக்கி வளைத்தால் அதன் விறைப்பே போய்விடும். புதிய கம்பியை எடுத்து, குறட்டின் கூரிய விளிம்பிலே மடிக்காமல், ஓர் உருண்டைக் கம்பியைச் சுற்றி வளைக்கவேண்டும். கால் மரத்தைச் சேரும் இடத்தை வலிமையான நூலால் நெருக்கமாகச் சுற்றிப் பசையூட்டினோம். சீவக சிந்தாமணியிலே சச்சந்தன் தன் தேவிக்காகச் செய்வித்த மயிற்பொறிக்குத் துணியும் பிசினும் நூலும் அரக்கும் மெழுகும் கொண்டு ஏழு நாளிலே உருக்கொடுத்ததாகத் திருத்தக்கதேவர் பாடுகின்றார். எங்களுக்கு அரக்கும் மெழுகும் தேவைப்படவில்லை. துணி, பிசின், நூல் மூன்றும் தேவைப்பட்டன. நாளும் ஏழுக்கு மேலாயிற்று.

இனித் திருத்தம். சிறகைக் காலோடு பிணைத்த உருக்குத் திருகாணிகளை நீக்கிவிட்டு, நைலோன் திருகாணிகளைப் போட்டோம். பறக்கும்போது வரும் 3 கிலோகிராம் இழுவையை அவை நான்கும் எளிதாகத் தாங்கும். முன்னோக்கிய பேரடி வரும்போது அறுந்துவிடும். சிறகின் மென்மையான பல்சா மரம் நசுங்காதபடி, ஒவ்வொரு திருகாணியின் தலைக்கும் அடியிலே ஒரு ரூபாய் நாணயத்தளவு ஒட்டுப்பலகை வில்லை ஒன்றை வைத்தோம். நைலோனும் வெயிலிலே முதுமையடையும். ஆண்டுக்கு ஒரு முறை எல்லாவற்றையும் மாற்றிவிடவேண்டும்.

மலைநாட்டார் கவனிக்கவேண்டிய இன்னொரு செய்தி உண்டு. பதுளை நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்திலும், பண்டாரவளை ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரத்திலும் உள்ளன. 1,200 மீற்றர் உயரத்திலே காற்றின் அடர்த்தி கடற்கரையிலுள்ளதைவிட நூற்றுக்கு 11 பங்கு குறைவு. மெல்லிய காற்றிலே அதே சிறகு அதே நிறையைத் தாங்கவேண்டுமானால், நூற்றுக்கு 6 பங்கு அதிக வேகத்திலே செல்லவேண்டும். இறங்கும் வேகமும் அவ்வாறே கூடும். மோதலின் ஆற்றலோ வேகத்தின் வர்க்கத்துக்கேற்பக் கூடுவதால் நூற்றுக்கு 12 பங்கு அதிகமாகின்றது. காலிமுகத்திடலிலே தாங்கிய பொருத்து பண்டாரவளையிலே பிய்ந்தால், செய்தவனைக் குறைகூற வேண்டாம்.

சிறகைத் திரும்பப் பூட்டும்போது அது பழைய நிலையிலேயே அமைந்துள்ளதா என்று பார்க்கவேண்டும். வாலின் நடுவிலிருந்து வலச்சிறகின் நுனிவரை ஒரு நூலைப் பிடித்து, அதே நூலை இடச்சிறகின் நுனிக்குக் கொண்டு செல்லுங்கள். இரண்டும் ஒத்திருக்கவேண்டும். பின்னர் சிறகின் முன்விளிம்பும் பின்விளிம்பும் மேசையிலிருந்து எவ்வளவு உயரத்திலே உள்ளன என்று அளக்கவேண்டும். 20 சென்ரிமீற்றர் அகலமுள்ள சிறகிலே 3.5 மில்லிமீற்றர் வேறுபாடு ஒரு பாகைச் சாய்வு. கால்களின் நீளத்திலே ஒரு மில்லிமீற்றர் தவறினாலும் விமானம் ஒரு பக்கமாகவே திரும்பிக்கொண்டிருக்கும். பறக்கவிடுபவன் தன் விரலைக் குறைசொல்லிக்கொண்டிருப்பான்.

எல்லாம் முடிந்தன. இல்ல விளையாட்டுப் போட்டியன்று மைதானத்தின் மேலே அதனைப் பறக்கவிட வேண்டுமென்பது மாணவர்களின் ஆசை. பெற்றோருக்கும் சொல்லிவிட்டார்கள். மணல் வைத்துப் பார்த்த பிறகே முடிவு என்றேன். பெரிய விமானங்களின் சிறகுகளையும் தொடக்க காலத்திலே கவிழ்த்து வைத்து மணல்மூட்டை ஏற்றித்தான் சோதித்தார்கள். விமானத்தைத் தலைகீழாகத் தொட்டிலிலே கிடத்தி, சிறகுகளின்மேல் சிறு சிறு மணற்பைகளைப் பரப்பினோம். சிறகுகளின் சொந்த நிறை 600 கிராமோடு 5 கிலோகிராம் மணலும் சேர்ந்தால் முன்சொன்ன 5.6 ஆகும். மூன்றாவது கிலோகிராம் ஏறியபோது 'டிக்' என்றொரு ஓசை கேட்டது. வெளியே ஒன்றும் தெரியவில்லை. எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். போட்டிக்கு இன்னும் இரண்டு நாள்.

ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் மைதானத்தின் ஓரத்திலே வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். 2 கிலோகிராம் நிறையுள்ள பொருள் சிறகு கழன்று விழுந்தால் எங்கே விழும் என்று எவராலும் சொல்ல முடியாது. போட்டியன்று விமானத்தை ஒரு மேசைமேல் வைத்தோம், பறக்கவிடவில்லை. மாணவர்களுக்குக் கோபந்தான். படம் வரைந்த மாணவி மாத்திரம் மறுநாளே பின் வலக்காலின் அடியைப் பிரித்துப் பார்த்தாள். புதிய தட்டு நன்றாக இருந்தது. தட்டு ஒட்டிய பழைய பக்கச்சுவரிலே, முன்னர் கவிழ்ந்தபோது ஏற்பட்ட வெடிப்பு ஒன்று மெழுகுத்தாளின் கீழே மறைந்து கிடந்தது. அதற்கு மேலே மெல்லிய ஒட்டுப்பலகையால் போர்வை போட்டு மறுபடியும் மணல் ஏற்றினோம். 5 கிலோகிராம் வரை ஓசையில்லை.

பறக்கவிடும் இடத்தைப்பற்றி ஒரு வார்த்தை. ஆளில்லாத வான்கலங்களுக்குரிய விதிகளை இலங்கைச் சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபை வகுத்துள்ளது. பொழுதுபோக்குக்காகப் பறக்கவிடுபவரும் அவற்றை முன்கூட்டியே கேட்டறிந்துகொள்ளவேண்டும். தியத்தலாவைப் பக்கத்திலே படைமுகாம்கள் உள்ளமையால் அங்கே இந்த விளையாட்டு வேண்டாம். மின்கம்பிகள், லயங்கள், கொழுந்து பறிக்கும் மலைகள் ஆகியவற்றுக்கு அப்பாலுள்ள வெறும் புற்றரையே ஏற்றது. கச்சான் காலத்திலே விடியற்பொழுதுதான் காற்றுச் சற்று அடங்கியிருக்கும்.

அப்படியொரு விடியலிலே அது பறந்தது. மூன்று சுற்றுச் சுற்றி, இறங்கும்போது வழக்கம்போல் மூக்குக் குத்திக் கவிழ்ந்தது. மேற்சிறகு இரண்டு அடி முன்னே புல்லிலே கிடந்தது; கீறலும் இல்லை. நைலோன் திருகாணிகள் மூன்று அறுந்திருந்தன. தீப்பெட்டியிலிருந்து வேறு மூன்றை எடுத்துப் பூட்டினார்கள். இனி அவர்கள் பார்க்கவேண்டியது சக்கரங்களை.